இரண்டு ஊசிகளும் என் அக்காவும்

நோய் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது என்று மதுரை டாக்டர் சொன்னபோது அக்கா கேட்ட முதல் கேள்வி, "மிளகாய் எடுப்பு முடிய விடுவீங்களா சார், இல்ல இப்பவே வந்து படுக்கணுமா?" என்பதுதான். மாசி மாதக் கடைசி. வயலில் பழம் சிவந்து கிடந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மழை பெய்தால் நெல், அதற்குப் பின்னால் குண்டு மிளகாய். அத்தான் இறந்த பிறகு அந்த நிலத்தை அக்கா ஒற்றை ஆளாகப் பார்த்து, மகளைப் படிக்க வைத்து, பரமக்குடியில் கட்டிக் கொடுத்தாள். நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் பிளான்டில் மெஷின் பார்க்கிறவன். அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைவது முதலிலிருந்தே என் வேலை. யாரும் சொல்லி வந்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது.

அவளுக்கு இருந்தது மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு வகை அணு, கிருமிகளோடு சண்டை போடுவதற்கான புரதத்தைச் செய்துகொடுக்க வேண்டியது. அது கெட்டுப்போய்க் கணக்கில்லாமல் பெருகி, எலும்பை உள்ளிருந்தே அரிக்கும். முதன்முதலில் அது தெரிந்தது ஒரு மிளகாய் வத்தல் மூட்டையைத் தூக்கும்போது. விலா எலும்பு முறிந்தது. மூட்டை தூக்கினால் சுளுக்கு வரும், விலா முறியுமா என்று கேட்டுக்கொண்டே போனவர்கள், பெயரையே சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு நோயோடு திரும்பி வந்தோம்.

ஊசி, மாத்திரை, அவளுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து அவளுக்கே ஏற்றுவது என்று முதல் சிகிச்சை முடிந்து சில வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு நோய் திரும்பியது. வேறு மருந்து கொடுத்தார்கள். அதற்கும் அடங்கியது. இப்போது அந்த மருந்தையும் மீறிக்கொண்டு வந்திருந்தது.

"எடுப்ப முடிச்சிட்டு வாங்கம்மா," என்றார் மதுரை டாக்டர். "ஆனா அதுக்கப்புறம் என்கிட்ட இருக்கிற மருந்து பெருசா கேக்குமான்னு தெரியல. சென்னையில ஒரு ஆய்வு நடக்குது. உங்கள மாதிரி திரும்பித் திரும்பி வந்தவங்களுக்கு. போய்ப் பேசிட்டு வாங்க. பிடிச்சா சேரலாம்."

ஆய்வு என்ற வார்த்தை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சோதனை ஆகிவிட்டது. அக்காவின் மகள் பரமக்குடியிலிருந்து அன்றைக்கே வந்துவிட்டாள்.

"எங்கம்மாவ எலியாக்கப் போறீகளா மாமா? வேற ஆளே கெடைக்கலையா அவுகளுக்கு?"

எனக்கும் அதே பயம்தான். அக்கா வத்தலைப் பரப்பிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "போயிக் கேட்டுட்டு வருவோம்டி. கேட்டதுக்கெல்லாம் ஊசி போட்டுற மாட்டாக."

சென்னை டாக்டர் ஒரு பெண். எங்களைவிட வயதில் சின்னவர். எங்களை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தவர், கடைசிவரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

"இந்த மருந்துக்கு ரெண்டு கை இருக்குன்னு வச்சுக்கங்கம்மா. ஒரு கை புற்றுநோய் அணுவைப் பிடிக்கும். இன்னொரு கை உங்க உடம்புல இருக்கிற எதிர்ப்பு அணுவைப் பிடிக்கும். பிடிச்சு ரெண்டையும் பக்கத்துல கொண்டுவரும். அப்புறம் உங்க அணுவே அதைக் கொல்லும். இதுக்குப் பேரு ஆன்டிபாடி மருந்து."

"அப்ப ஒரு மருந்து போதாதா? ரெண்டுன்னு சொன்னாக?"

"அதுதான் ஆய்வே. புற்றுநோய் அணுவோட மேல ஒரு அடையாளம் இருக்கும். அதப் பாத்துத்தான் மருந்து பிடிக்கும். சில அணு அந்த அடையாளத்த மறைச்சுட்டுத் தப்பிச்சுக்கும். அதனால வேற வேற அடையாளத்தப் பிடிக்கிற ரெண்டு மருந்தச் சேத்துக் கொடுக்கிறோம். தனித்தனியா ரெண்டும் வேலை செய்யுதுன்னு தெரியும். சேத்துக் கொடுத்தா இன்னும் நல்லாக் கேக்குமா, எத்தனை நாளைக்கு நிக்கும், உடம்பு தாங்குமா, இதத்தான் பாக்குறோம்."

அக்கா கொஞ்ச நேரம் டாக்டருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி போட்டுக்கிட்டவுக எப்படி இருக்காக?"

டாக்டர் மழுப்பவில்லை. நிறையப் பேருக்கு நோய் நன்றாகக் குறைந்திருக்கிறது, சிலருக்குக் கேட்கவே இல்லை என்றார். காய்ச்சல் வரும், கொஞ்ச நேரம் புத்தி தடுமாறலாம், கை கால் தோல் உரியலாம், நாக்கில் ருசி போய்விடலாம் என்றார். எதிர்ப்புச் சக்தி குறைந்து, கிருமி தாக்கி இறந்துபோனவர்களும் உண்டு என்றார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம், வழக்கமான வைத்தியம் தொடரும் என்றார்.

"எனக்கு என்ன ஆகும்?"

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஆய்வே தேவையில்லை."

சம்மதப் பத்திரத்தைத் தமிழிலேயே கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கச் சொன்னார்கள். மருந்துக்கும் போக்குவரத்துக்கும் அவர்களே பொறுப்பு என்று அதில் இருந்தது. அக்கா பத்தாவது வரை படித்தவள். களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருக்க, நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். புரியாத இடங்களைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டு போனில் கேட்டாள். மகள் கூடவே உட்கார்ந்து அழுதுகொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்.

"நான் சேருறேன்டி."

"ஏம்மா?"

"எனக்கு இதுவரைக்கும் போட்ட ஊசியெல்லாம் எங்கனயிருந்து வந்துச்சு? எவளோ ஒருத்தி, எவனோ ஒருத்தன், மொதல்ல தன் ஒடம்புல போட்டுக்கிட்டதுனாலதான வந்துச்சு? அவுக போட்டுக்கிட்டதுல நான் இத்தன வருசம் இருந்தேன். ஒன் கலியாணத்தப் பாத்தேன். இப்ப என் மொற."

மகள் தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

சென்னையில் ஊசியை முதலில் கொஞ்சமாகவும், பிறகு கூட்டியும், பிறகு முழு அளவாகவும் போட்டார்கள். வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் ஊசி. ஒவ்வொரு தடவையும் படுக்கையில் வைத்துக் கவனித்தார்கள். காலையிலும் மாலையிலும் நர்ஸ் வந்து ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பார். இது எந்த மாதம், எந்த ஊர், இது என்ன, அது என்ன. பேனாவையும் கடிகாரத்தையும் காட்டிக் கேட்பார். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைக்கச் சொல்வார். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார். மருந்து மூளையைத் தொடுகிறதா என்று கண்டுபிடிக்கத்தான் அது.

"ஏம்மா, நேத்தும் இதே பேனாவத்தான காட்டுன? இன்னைக்கும் அது பேனாதான்," என்று அக்கா நர்ஸைக் கேலி செய்வாள். ஆனால் எழுதும்போது மட்டும் யோசித்து எழுதுவாள். ஒருமுறை எழுதிய வாக்கியத்தை மறுமுறை எழுத மாட்டாள். 'ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது' என்று ஒருநாள். 'என் தம்பிக்குச் சென்னைச் சாம்பார் பிடிக்கவில்லை' என்று இன்னொரு நாள்.

அளவைக் கூட்டிய ஊசி போட்ட மறுநாள் மத்தியானம் அவளுக்கு நடுக்கம் வந்தது. எங்கள் பிளான்டில் ஐஸ் அறைக்குள் நெடுநேரம் நின்றுவிட்டு வெளியே வருகிறவனைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிட மோசம். பல் கிட்டித்துக் கட்டிலே ஆடியது. காய்ச்சல் ஏறியது, ரத்த அழுத்தம் இறங்கியது. அணுக்கள் சண்டையை ஆரம்பித்துவிட்டதால் வரும் காய்ச்சல் இது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சொல்லிவிட்டார்கள் என்பதால் பார்க்கிறவனுக்குப் பயம் குறைந்துவிடுமா? அதற்கென்றே வைத்திருந்த மருந்தை ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் உடம்பு வேர்த்து அடங்கினாள்.

மறுநாள் காலை நர்ஸ் எந்த ஊர் என்று கேட்டார். "களத்துல இருக்கேன்," என்றாள் அக்கா. நூறுக்குப் பிறகு தொண்ணூறு வந்தது, அதற்கடுத்து ஒன்றும் வரவில்லை. பேனாவைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு எழுத்து எழுதினாள். மூன்றாவது எழுத்து கீழே இழுத்துக்கொண்டு போய்த் தாளின் ஓரத்தில் நின்றது. நர்ஸ் வேகமாக வெளியே போனார். டாக்டர் வந்தார், ஸ்டீராய்டு ஏற்றினார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய மகளுக்குப் போன் போடவா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கண் விழித்தவள் என்னைப் பார்த்து, "ஏலே, சவரம் பண்ணக்கூடாதா? திருடன் மாதிரி இருக்க," என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினார். "இப்ப விலகிக்கிறதா இருந்தாலும் சரிதாம்மா."

"காய்ச்சல் வந்தாத்தான் மருந்து வேல செய்யிதுன்னு அர்த்தமா?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது."

"சரி, அதையும் பாத்துருவோம். போடுங்க," என்றாள்.

அடுத்த ஊசிகளுக்குக் காய்ச்சல் லேசாக வந்து போனது. புத்தி தடுமாற்றம் வரவே இல்லை. ரத்தத்தில் அந்தக் கெட்ட புரதத்தின் அளவு இறங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த நாங்கள், ஊசிக்கு மட்டும் ரயிலேறி வந்தால் போதும் என்ற கட்டத்துக்கு வந்து ஊர் திரும்பினோம். உள்ளங்கையில் தோல் உரிந்து, நகங்கள் மெலிந்து போயிருந்தன. "பாம்பு மாதிரி சட்ட உரிக்கிறேன் பாரு," என்று மகளிடம் காட்டினாள்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்திலிருந்து நல்ல விளமீனாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனேன். அக்காவே குழம்பு வைத்தாள். ஒரு வாய் வைத்தேன், விழுங்க முடியவில்லை. கடல் தண்ணீரையே எடுத்து ஊற்றியது மாதிரி உப்பு. நிமிர்ந்து பார்த்தால் எதிரே அக்கா அதையே பிசைந்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, உப்பு ரெண்டு தடவ போட்டுட்டியா?"

அவள் கை நின்றது. "கரிக்குதா?"

"ஒனக்குத் தெரியலையா?"

குழம்புச் சட்டியைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒண்ணுமே தெரியலடா. சோறு பஞ்சு மாதிரி இருக்கு. வத்தலக் கடிச்சா நெருப்பு மாதிரி எரியிது. ஆனா வத்தலாத் தெரியல."

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, சென்னையில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது என்றாள். ஒவ்வொரு முறை போகும்போதும் நர்ஸ், ருசி எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்பது எனக்குத் தெரியும். "நல்லாருக்கு" என்றே இவள் சொல்லி வந்திருக்கிறாள். எடை குறைந்ததற்கு ஊருக்குப் போய்வரும் அலைச்சல் என்று காரணம் சொல்லியிருக்கிறாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஊசிய நிறுத்திருவாக. இப்பத்தான் எறங்குது. நிறுத்துனா மறுபடியும் ஏறிருச்சுன்னா?"

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ருசியா உயிரா என்று கேட்டால் யார் ருசி என்று சொல்வார்கள்? குழம்பில் தண்ணீர் ஊற்றி, புளி கரைத்து விட்டு, எப்படியோ சாப்பிட்டு முடித்தோம்.

அடுத்த ஊசிக்குப் போனபோது நான் வாயைத் திறக்கவில்லை. சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம் என்று முடிவு செய்திருந்தேன். நர்ஸ் வழக்கம்போல் கேட்டார். அக்கா வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "டாக்டரப் பாக்கணும்," என்றாள்.

டாக்டர் வந்ததும் நேராகச் சொன்னாள். "நான் இத்தன நாளா பொய் சொல்லிட்டேம்மா. எனக்கு ருசி சுத்தமாப் போயிருச்சு. சாப்பாடு எறங்கல. ஊசிய நிறுத்திருவீகன்னு பயந்து சொல்லல."

"இப்ப ஏன் சொல்றீங்க?" என்று டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ரயில்ல வரும்போது ரோசன பண்ணிக்கிட்டே வந்தேன். எனக்குப் பின்னாடி போட்டுக்கப் போறவளுக்கு நீங்க என்னன்னு சொல்லுவீக? ருசியெல்லாம் ஒண்ணும் போகாது, ஒரு அம்மா நல்லாச் சாப்புட்டாகன்னு சொல்லுவீக. நான் பொய் சொன்னா ஒங்க ஆய்வே பொய்யாப் போயிரும். அப்படி வர்ற மருந்து என்னத்துக்கு ஆகும்?"

அந்த அறையில் நான் இருந்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. ஊசி நின்றுபோகலாம் என்று தெரிந்தேதான் அவள் அதைச் சொன்னாள். டாக்டர் அவளுடைய உரிந்த உள்ளங்கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"மத்தவங்களும் இதையே சொல்லிட்டிருக்காங்கம்மா. எல்லாரும் சொன்னாத்தான் எத்தனை நாளைக்கு ஒருதரம் போடலாம்னு எங்களுக்குத் தெரியும்," என்றார்.

அக்கா பயந்தது பாதி நடந்தது. இரண்டு மருந்தில், ருசியைக் கெடுக்கும் மருந்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். மற்றதை மட்டும் போட்டார்கள். அந்த நாட்களில் நான் ஐஸ் பிளான்டில் வேலை பார்த்தேனே தவிர மனசு அங்கே இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் போனைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு முடிவிலும் அளவு ஏறவில்லை. இறங்கிக்கொண்டே போனது. பிறகு நிறுத்திய மருந்தையும் இடைவெளியைக் கூட்டி மறுபடி ஆரம்பித்தார்கள். மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள்.

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னபோது அக்காவின் மகளும் கூட இருந்தாள். "எங்க பரிசோதனையில நோய் அணு ஒண்ணுகூடத் தென்படல. அதுக்காக நோய் போயே போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது ரொம்ப நல்ல முடிவு."

"சொல்ல வேண்டாம்மா. இதுவே போதும்," என்றாள் அக்கா. மகள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எலி என்று சண்டை போட்டவள் அவள்தான். வெளியே வந்ததும் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் நின்றாள்.

ருசி ஒரேயடியாக வரவில்லை. முதலில் புளிப்பு வந்தது. மோரைக் குடித்துவிட்டு எனக்குப் போன் செய்து, "ஏலே, மோரு புளிக்கிதுடா!" என்று கத்தினாள். இனிப்பு வர நாளாயிற்று. இப்போதும் முழுசாக வந்துவிட்டதென்று சொல்ல முடியாது. ஊசி போட்ட வாரம் மங்கும், பிறகு தெளியும். வத்தலை வாயில் போட்டுப் பார்த்து அவளால் மறுபடியும் தரம் சொல்ல முடிகிறது. அது போதும் அவளுக்கு.

இந்தச் சேதி எப்படியோ பரவியது. பெரியபட்டினத்திலிருந்து ஒருவர் தன் மனைவியோடு அக்காவைத் தேடி வந்தார். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவருக்கும் இதே நோய், இவளைப் போலவே திரும்பி வந்திருந்தது. அந்த ஆய்வில் இன்னும் ஆள் சேர்க்கிறார்கள் என்று அவருக்கும் மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். முதுகெலும்பு அமுங்கி, நாற்காலியில் உட்காரவே சிரமப்பட்டார்.

"தங்கச்சி, நீங்க போட்டுக்கிட்டீகளாம்ல. எப்படி இருக்கு, உள்ளதச் சொல்லுங்க," என்றார்.

அக்கா உள்ளதைச் சொன்னாள். நடுக்கத்தைச் சொன்னாள், புத்தி தடுமாறி ஊர் பேர் மறந்ததைச் சொன்னாள், கையை விரித்து நகத்தைக் காட்டினாள், உப்புக் குழம்புக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். தான் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. அவருடைய மனைவியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"அப்ப நாங்க சேரலாமா, வேணாமாக்கா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அத நான் சொல்லக்கூடாதும்மா. எனக்குக் கேட்டுச்சு. அண்ணனுக்குக் கேக்கும்னு நான் எப்படிச் சொல்றது? போயி அந்த டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் கேளுங்க. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லும். தெரியலைன்னா தெரியலைன்னும் சொல்லும்."

"இன்ஷா அல்லாஹ், போயிப் பாக்குறோம்," என்று அவர் எழுந்தார். வாசலில் நின்று அக்காவுக்காக துஆ செய்வதாகச் சொன்னார். நானும் ஒங்களுக்காகக் கும்புட்டுக்கிறேன் அண்ணே என்றாள் இவள்.

அவர் சேர்ந்தார். ஆரம்பத்தில் காய்ச்சல் அவரை ரொம்பவே வாட்டியது, நெஞ்சுச் சளியோடு ஒரு தடவை படுக்கவும் செய்தார். இப்போது தேறி வருகிறார், கெட்ட புரதத்தின் அளவு இறங்கிக்கொண்டிருக்கிறது. நாள் ஒத்துவரும்போது நாங்கள் ஒன்றாகவே ரயிலேறுகிறோம். அவரும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து, யாருக்கு எந்த நகம் முளைத்திருக்கிறது, எந்தச் சாப்பாடு ருசிக்கிறது என்று பேசிக்கொண்டு வருவார்கள். நானும் அவர் மனைவியும் கேட்டுக்கொண்டு வருவோம்.

சென்ற முறை செங்கல்பட்டு தாண்டும்போது நன்றாக விடிந்துவிட்டது. எங்களோடு பயணம் செய்த ஒரு அம்மா பல் துலக்கிவிட்டு வந்து அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கா போறீங்க? உடம்புக்கு என்ன?"

அக்கா அவரைப் பார்த்து, பிறகு எதிரே இருந்த பெரியபட்டினத்துக்காரரைப் பார்த்தாள்.

"புதுசா ரெண்டு மருந்தச் சேத்துப் போட்டா சரியா வருதான்னு பாக்குறாகம்மா," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் அந்த வேலையில இருக்கோம்."